பகல் பத்து மணிக்கு சுபஹு பாங்கு

ஞாயிறு

விடியலிலிருந்து மழை. முற்றம் முழுக்கத் தண்ணீர். உடுப்பு ஒன்றும் காயவில்லை.

வியாழன் நேர்முகம். வெளிநாட்டில் கலாநிதிப் படிப்பு, ஒரே ஒரு இடம். கணினியிலேயே கதைக்க வேண்டும். ஸ்பீக்கர் வாங்கிவந்து பூட்டியாயிற்று. போனில் டேட்டா இல்லை. அன்றைக்குப் பக்கத்து வீட்டு வைஃபை, கேட்டாயிற்று. ஆங்கிலத்தில் உளறாமல் இருந்தால் சரி.

கூப்பிடுவது என் ஆய்வின் அந்த ஒரு வரைபடத்துக்காக. அணுக்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் குழப்பும் காந்தம்; எதை எந்தப் பக்கம் என்பது குலுக்கல், குலுக்கலுக்கு ஒரு மாதிரி. அதைக் கணினிக்குள் சூடாக்குகிறேன். மற்றவர்கள் பல மாதிரிகளைக் கூட்டிப் பார்த்தால் காந்தம் மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. என்னுடையது தொப்பென்று விழுகிறது. நாளுக்கொரு புது மாதிரி, எல்லாம் அதே இடத்தில். "பிசிறே இல்லையே" என்று அங்கத்தைய பேராசிரியர் வியந்து எழுதியிருந்தார். எத்தனை தடவை வாசித்தேனோ. பெருமைதான், மறைப்பானேன்.

திங்கள்

மழை விட்டது. கடல் இரைச்சல் வீடுவரை.

உம்மா இடிக்குப் பயந்து இரவில் மெயின் சுவிட்சை அணைப்பா. விடியலில் சுபஹு தொழுதபின் போடுவா. உடனே கணினி தானாக எழும்பி, புது மாதிரியைக் குலுக்கி, கணக்கைத் தொடங்கும். அமைத்தது நான். கெட்டிக்காரி!

இன்று பகல் பத்து மணிக்குக் கணினி பாங்கு சொன்னது. நோன்பு மாதத்தில் சுபஹு பாங்குக்காக ஏற்றிய மென்பொருள். ஸ்பீக்கர் இல்லாததால் இத்தனை நாள் ஊமை. உம்மா அகப்பையோடு வந்தா.

"மத்தியான லுஹருக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. இது சுபஹு பாங்கு சொல்லுது புள்ள! தூக்கத்த விடத் தொழுகை மேலாம், பத்து மணிக்கு. உன்ட கொம்பியூட்டருக்கு விசரா?"

சுபஹு பாங்கில் மட்டும் வரும் வரி அது. சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தேன்.

செவ்வாய்

சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து மெல்லிய பாங்கு. மறுபடியும் சுபஹு.

"இண்டைக்கும் அதே நேரம்," என்றா உம்மா.

அதே நேரம். கை நின்றுவிட்டது.

கணினிக்குள் இருக்கும் பற்றரி செத்துவிட்டது. மெயினை அணைத்தால் நேரத்தை மறந்துவிடும். ஒவ்வொரு காலையும் அதற்குப் பழைய அதே திகதி, அதே நள்ளிரவு; எங்களுக்குப் பத்து மணியாகும்போது அதற்கு விடியல். இணையத்தில் பூட்டுவதில்லை, மணி பார்ப்பது போனில். எனக்கு எப்படித் தெரியும்? மாதிரியைக் குலுக்கும் எண்ணை என் நிரல் எடுப்பது அந்தக் கடிகாரத்தின் திகதியிலிருந்து.

மீன் கையோடு ஓடினேன். ஒரு மாதிரியைத் திறந்தேன். அடுத்ததை. அதற்கடுத்ததை. எல்லாம் ஒரே மாதிரி. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே ஒரே மாதிரி. மாதக்கணக்காக ஒரே காந்தத்தையே சூடாக்கியிருக்கிறேன். சூட்டில் அணுக்கள் ஆடுவதற்கான குலுக்கல் மட்டும் வேறு வழியாக வருவதால் கோடுகள் மயிரளவு விலகின. அதைப் பார்த்து ஏமாந்தேன்.

யா அல்லாஹ்.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்காய்?"

மவுஸ் முழுக்க மீன் நாற்றம். சாப்பிடவில்லை.

புதன்

புதுப் பற்றரி, சட்டைப் பொத்தான் அளவு. பூட்டி நேரத்தைச் சரிசெய்தேன். சின்னக் காந்தங்களாக எடுத்துப் பல மாதிரி ஓட்டினேன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் விழுகிறது. கூட்டிப் பார்த்தால் மெல்லிய சரிவு, எல்லோருடையதையும் போல. என் தொப்பென்ற விழுகை இல்லை. இல்லவே இல்லை. இன்னும் நம்பமுடியவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். இடம் போய்விடும் என்றதும் அழுதா.

சேருக்குப் போன் எடுத்தேன். என் ஆய்வை மேற்பார்வை செய்பவர், வீரமுனைக்காரர். நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு:

"அவசரப்படாதீங்க பிள்ள. நாளைக்குக் கதைச்சு முடிங்க. இடம் கையில வந்த பிறகு திருத்துவம். உங்கட வீட்டு மெயின் சுவிட்ச ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

சேரா இப்படி? ஒரு தசமப் புள்ளி பிழைத்ததற்கு முழு அத்தியாயத்தையும் திருப்பித் தந்த மனிசன்! பற்றரியை விட இதுதான் பெரிய அடி.

வியாழன்

வெயில். திரையில் மூன்று முகம். முதல் கேள்வியே அந்தப் படம். உங்கள் மாதிரிகளுக்குள் வேறுபாடு எவ்வளவு?

சேரின் குரல் காதுக்குள். "வேறுபாடே இல்லை," என்றேன். "ஏனென்றால் படம் பிழை..."

கரண்ட் போயிற்று. வைஃபையும் போயிற்று.

எந்தச் சொல்லில் போனது? பிழை என்றது கேட்டதா? வேறுபாடே இல்லை என்பது மட்டும் கேட்டிருந்தால் நான் பெருமையடித்ததாகத்தானே நினைப்பார்கள்!

உம்மா கதவடியில். "சொல்லிட்டியா?"

"சொன்னன். கேட்டிச்சோ தெரியா."

"கேக்காட்டி நல்லம்தானே, மகள்?"

உம்மா கேட்டதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

கரண்ட் வந்துவிட்டது. கணினி எழும்புகிறது. திரையின் மூலையில் மணி. சரியான மணி, மறக்கவில்லை.

அழைப்பு வருகிறது. இந்தத் தடவை நான் சொல்லும் முதல் சொல்லே "பிழை".