நாற்றுக்கு ஊற்றிய மருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒட்டுக்கட்ட வளர்த்த எலுமிச்சை நாற்றுகளின் வேர் செழிக்க, நன்மை செய்யும் பூஞ்சையை மண்ணில் கலந்தாய். அவை குன்றியதும், “படிச்ச திமிர்ல பூசணத்தைப் போட்டுக் கெடுத்துட்டியேடி” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். மறுநாளே நீ போய்விட்டாய்.

வேரழுகலுக்குப் பயந்து, உன்னிடம் சொல்லாமல் பூஞ்சைக்கொல்லியை ஊற்றியவள் நான். உன் பூஞ்சையைக் கொன்றது அதுதான்.

இந்த வருடம் நீ சொன்னபடியே செய்தேன். நாற்றுகள் முழங்கால் உயரம் நிற்கின்றன. எல்லோரும் என்னைப் பாராட்டுவது பொறுக்காமல், களையெடுக்கக் கூலிக்கு வரும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“மருந்து வாளியைக் கழுவினதே நான்தானேம்மா. சின்னவங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். ‘அக்காவே சொல்லட்டும்’னுட்டாங்க” என்றார்.

அன்று நீ பெட்டியோடு வாசலில் வெகுநேரம் நின்றாய். பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

உன் அக்கா