நாகமணி, எஸ்.

அசாம் ஜாவா,
18 ஆகஸ்ட் 2025

அன்பு மருமகன் பவனேஷுக்கு,

நாராயணசாமி மாமா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஷெப்பர்டனில் குளிர் கடுமை, பேரிக்காய் மரங்களுக்குக் கிளை வெட்டும் வேலையில் இருக்கிறாய் என்று உன் கூட்டாளி இயன் சொன்னான். உன் முகவரியைக் கொடுத்ததற்காக அவனைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று முறை அவன் கடை வாசலில் போய் நின்ற பிறகுதான் கொடுத்தான். எங்கள் எல்லோருடைய எண்களையும் நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது.

உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஜெராம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலையை ஜூலையில் விட்டுவிட்டாள். பகலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டியிருக்கிறது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். முதலில் மே மாதத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பருவத்தின் பதினான்கு ஆட்டங்கள் முடிந்தபோது நம் ஜெராம் ஸ்டார்ம் கூடைப்பந்துக் குழு மூன்றாம் இடத்தில் இருந்தது உனக்குத் தெரியும். முதல் ஐவர் ஆட்டத்துக்குச் சராசரி அறுபத்தெட்டுப் புள்ளி எடுத்தார்கள். பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்பது. இந்த பெஞ்சை வைத்துக்கொண்டு பிளே ஆஃப் சுற்றுக்குப் போனால் இரண்டாவது ஆட்டத்தில் முதல் ஐவருக்கும் நாக்குத் தள்ளிவிடும் என்று கோச் லிம் சொன்னார். கூடுதலாக ஒரு ஆட்டக்காரரைப் பதிய லீக் அனுமதித்திருந்தது. கடைசி நாள் மே 30, மாலை ஐந்து மணி. கிள்ளான் தொழிற்சாலைக் குழுவில் நீ ஆடிய ஐந்து ஆட்டங்களின் வீடியோவை லிம் பார்த்தார். இந்தப் பையன்தான் வேண்டும், ஓடுகிறான், தடுக்கிறான், வாய் பேசவில்லை என்றார். அவர் கேட்டது உன்னை. உன் அண்ணனை அல்ல. இதை நீ நன்றாகப் படித்துக்கொள்.

பதிவு செய்தது நான். லீக்கின் இணையப் படிவத்தில் முதல் கட்டம் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? குழுவுக்கு மானேஜர் ஆன நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுத்தான் பழக்கம். நாகமணி என்று அடித்தேன். கீழே லீக்கின் பதிவேட்டிலிருந்து ஒரு வரி வந்தது: நாகமணி, எஸ். உன் அடையாள அட்டையில் ஸ்ரீ பவனேஷ் என்றுதானே இருக்கிறது. பழனி கோயிலுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை, முன்னால் ஸ்ரீ போட வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் நின்று போட்டவள் உன் அம்மா. எஸ் என்றால் நீதான் என்று எண்ணி அழுத்திவிட்டேன். அது மூன்று வருஷத்துக்கு முன்னால் கால் உடைந்து ஆடுவதை நிறுத்திய உன் அண்ணன் சசிகுமாரின் பழைய பதிவு. மணி அப்போது நாலு ஐம்பது. மறுநாள் பட்டியல் வந்த பிறகுதான் பார்த்தேன். திருத்தம் கிடையாது என்று லீக் அலுவலகம் எழுத்தில் பதில் கொடுத்தது. அந்தக் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் சட்டை எண்களை மாற்றி அச்சிட வைத்ததற்கே குழு முதலாளி தவ்கே என்னை எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார், இன்னொரு தப்பு நடந்தால் நீ வீட்டுக்குப் போகலாம் என்று. நான் பயந்துவிட்டேன். தவ்கேயிடம், லிம்முக்கு அனுபவமுள்ள ஆள் தேவைப்பட்டதாகச் சொன்னேன். உண்மை தெரிந்த லிம், பெயர்தான் வந்துவிட்டது, சசி வந்து உட்காரட்டும், ஆட விடமாட்டேன் என்றார். உன் அண்ணனிடம் பிளே ஆஃப் முடியும்வரை வாயைத் திறக்காதே, தம்பியிடம் நானே சொல்கிறேன் என்று கெஞ்சினேன். அவன் ‘சரி மாமா, ஒங்க சோத்துல மண்ணு விழ வேணாம்’ என்றான்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நீ பயிற்சி மண்டபத்துக்கு வந்தாய். நீ அண்ணனிடம் பேசியது எல்லாம் என் காதில் விழுந்தது. மாமாவைக் காக்கா பிடித்து என் இடத்தைத் திருடிவிட்டாய், முப்பத்தொரு வயதுக் கிழவனுக்கு இன்னும் ஆசை போகவில்லையா என்றாய். கடைசியில் ‘அந்த ஒடஞ்ச காலோட எத்தனை நாளு நீ நிக்கிறேன்னு பாக்குறேன்’ என்றாய். பந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த அவன் நிமிரவில்லை. நான் சேமிப்பறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன், பவனேஷ். வெளியே வர நாலு அடி. வரவில்லை.

நீ விமானம் ஏறிய பதினோராம் நாள், ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, மூவாரில் அரையிறுதியின் மூன்றாவது ஆட்டம். தொலைக்காட்சிக்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்தார்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் சசி எழுந்திருக்கவே இல்லை, தண்ணீர்ப் புட்டிதான் நீட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவதில் நம் அமெரிக்க ஆட்டக்காரர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினார். இன்னொருவனுக்குக் கணுக்கால் பிசகியது. கடைசிக் காற்பகுதியில் ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி மிச்சம், நாலு புள்ளி பின்னால். லிம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

இரண்டு கூடை போட்டான். மிச்சம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருக்கும்போது குதித்து இறங்கியவன் எதிராளியின் பாதத்தில் இறங்கினான். இடது முட்டி விலகி, தானே உள்ளே போனது. நாம் 78க்கு 76 என்று ஜெயித்தோம்.

அங்கேயே மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்க வேண்டும். ‘ஐஸ் போதும் மாமா, வீட்டுப் பக்கம் போய் பாத்துக்கலாம் லா’ என்றான். பேருந்தில் என் பக்கத்தில்தான் இருந்தான். விரல்கள் மரத்திருக்கின்றன என்றான். ஐஸ் வைத்ததனால் இருக்கும் என்றேன். பாதம் சில்லென்று இருக்கிறது என்றபோதும் அதையே சொன்னேன். நெடுஞ்சாலையில் நெரிசல், வழியில் சாப்பாடு. கோலசிலாங்கூரில் அவனால் பேருந்தை விட்டு இறங்க முடியவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடிபட்டு ஏழு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. முட்டிக்குப் பின்னால் இரத்தக் குழாய் கிழிந்திருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு அறுவை செய்து பார்த்தார்கள். ஜூலை 1ஆம் தேதி இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியவன் அவன்தான். மயக்கம் தெளிந்து அவன் பேசிய முதல் பேச்சு, தான் சொன்னது பலித்துவிட்டது என்று தம்பி நினைத்துக்கொள்வான், வெளியூரில் தனியாக இருக்கிறான், தாங்கமாட்டான் என்பது. ஏழு வாரம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அப்படிக் காப்பாற்றுவது எனக்கு வசதியாகவும் இருந்தது. இன்று அதை மீறுகிறேன். நீ கோபத்தில் பேசிய பேச்சுக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தம் இல்லை. நாலு ஐம்பதுக்கு நான் அழுத்திய பெயருக்கும், பேருந்தில் நான் சொன்ன பதிலுக்கும்தான் சம்பந்தம்.

போன திங்கட்கிழமை தவ்கேயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போ என்றார். லீக்குக்கும் எழுதிவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ‘ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன் பேருதானேடா, ஒனக்குக்கூடவா தெரியாமப் போச்சு’ என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் என்னோடு பேசவில்லை. தினமும் போகிறேன். கதவைத் திறந்துவிடுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட இன்னொரு ஆள் வேண்டும், அதற்காகத் திறக்கிறாள்.

இறுதிச் சுற்றில் நேர் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். பெஞ்சு முதல் நாள் ஆறு புள்ளி, மறுநாள் நாலு. நீ கேட்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

அவன் காயம் ஆறி வருகிறது. செயற்கைக் கால் பொருத்த இன்னும் சில மாதம் ஆகும். மருத்துவமனைப் பயிற்சிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டிப்போகிறேன். பேச்சு குறைந்துவிட்டது, சோறும் பாதிதான் இறங்குகிறது. சில நேரம் இல்லாத பாதம் அரிக்கிறது என்று கையை நீட்டிவிட்டு, சட்டென்று எடுத்துக்கொள்கிறான்.

நீ வந்து சேர வேண்டும் என்று நான் எழுதவில்லை. எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம். என்னை மன்னிப்பதைப் பற்றி இப்போது நீ யோசிக்காதே. ஒன்றை மட்டும் தெரிந்துகொள். அவன் எண் மாறவில்லை. நீ இருக்கும் நாட்டிலிருந்து, 61 என்று தொடங்கும் மோசடி அழைப்புகள் இப்போது நிறைய வருகின்றன. எடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறோம். அவன் ஒவ்வொன்றையும் எடுக்கிறான். எதிர்ப்பக்கம் யார் என்று தெரிந்த பிறகும், அவர்களாக வைக்கும்வரை காதிலேயே வைத்திருக்கிறான்.

கத்தி பிடிக்கும் வேலை, கையைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காலில் நல்ல சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொள். முருகன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வேண்டும். பேச வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை ஐயா, அழைத்துவிட்டுச் சும்மா இரு. உன் மூச்சு அவனுக்குத் தெரியும்.

உன் தாய்மாமன்,
நாராயணசாமி