மில் நிலத்துக்குப் பூக்கேட்ட நாள்

அக்கா, நேற்று பழைய தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், விடாமல் தும்மல். மருமகள் பயந்துபோய் டாக்டரிடம் போகலாம் என்றாள். இது நோயில்லை, ஜின்னிங் மில் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் கூடச் சேர்ந்து தும்மியிருப்பீர்கள்.

கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் அந்த மில்லில் நீங்களும் நானும் அருகருகே உட்கார்ந்து பருத்தி பிரித்தோம். எழுபதுகளில் ஒருநாள் முதலாளி இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சுவரும் வேலியும் மட்டும் நின்றன. அது தொழிற்சாலைக்கென்றே அரசாங்கம் ஒதுக்கிய நிலம், வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம். சட்டம் தெரியாத ஆடுகள் மட்டும் அங்கே நன்றாக மேய்ந்தன.

நாம் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொள்ளாச்சிக்குத் தேங்காய்க் களத்து வேலைக்குப் போனோம். உங்கள் மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் எழுவதற்குள் கிளம்புவீர்கள், திரும்பும்போது அவள் பக்கத்து வீட்டில் தூங்கியிருப்பாள். "எம்புள்ள மொகத்தப் பகல்ல பாத்து எத்தன நாளாச்சு புள்ள" என்று பஸ்ஸில் சொல்வீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மில் நிலத்தைக் காய்கறிச் சந்தையாக மாற்றலாமா, காய் தரம் பிரிக்கக் கொட்டகை போட்டுப் பெண்களுக்கு வேலை கொடுக்கலாமா என்று ஊர்க்காரர்களைக் கேட்டுப்போக பாலக்காட்டிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். நமக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நம் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் குறுக்கே நின்றார். புது மில்தான் வர வேண்டும், அதுவரை நிலம் அப்படியே கிடக்கட்டும் என்றார்.

அவருக்கு மில் சங்கு வேண்டும், அவ்வளவுதான். சங்கு நின்றதிலிருந்து எப்போது சாப்பிடுவது என்று தெரியாமல் மனிதர் நினைத்த நேரமெல்லாம் இலை போடச் சொல்கிறார் என்று அவர் மனைவியே நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். போதாததற்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பணக்காரர் வந்து நிலத்தைப் பார்த்து, பிரசிடெண்ட் வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "பாக்கலாமுங்க" என்று சொல்லிப் போயிருந்தார். நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் "பாக்கலாமுங்க" என்றால், அடுத்த மாப்பிள்ளையைத் தேட ஆரம்பித்துவிடுவோம். பிரசிடெண்ட் மட்டும் மில்லுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் நடந்தது. நீங்கள் எழுந்து, "மில்லு வர வரைக்கும் நாங்க என்னங்க பண்றது?" என்று கேட்டீர்கள்.

"கொஞ்சம் பொறுமையா இருக்கோணும்மா" என்றார் பிரசிடெண்ட்.

"இருக்கறமுங்க. பொறுமையா இருக்கறதுக்குக் கூலி யாருங்க குடுப்பா?"

அவர் பக்கத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். அவருக்கு மீசை துடித்தது. பிறகு யார் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ, "எதுக்குங்க சண்ட, அம்மங்கிட்டயே பூக்கேட்டுரலாமுங்க" என்றார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பிரிக்காமல் ஒன்றை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்கிறோம், நிலத்துக்குக் கேட்டால் என்ன? அதிகாரி கடைசி பஸ் வரும் பாதையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆயிக்கோட்டே" என்று மலையாளத்தில் சம்மதித்தார்.

நம் பூசாரி யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிற ஆள். கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனவரைப் பிரசிடெண்ட் ஆட்கள் வழிமறித்து, மில் வருமா என்று கேட்கச் சொன்னார்கள். சரி என்றார். பின்னாலேயே நாம் போய், சந்தைக்குச் சம்மதமா என்று கேட்கச் சொன்னோம். அதற்கும் சரி என்றார். அம்மன் முன்னால் போய் நின்றதும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. "தாயே, எல்லாரும் மனசுல நெனச்சிருக்கறத நீயே நடத்திக் குடு" என்று முணுமுணுத்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார்.

வெள்ளைப் பூ.

நம் பெண்கள் குலவையிட்டார்கள். பிரசிடெண்ட் ஆட்கள் வேட்டு வைத்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேங்காய் உடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ எதற்கு வந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். நீங்கள் என் காலை மிதித்தீர்கள். அந்தக் கட்டை விரல் இன்னமும் மழைக்காலத்தில் வலிக்கிறது அக்கா.

அடித்துக்கொண்ட ஊர் ஒரு பூவில் ஒன்றாகிவிட்டதைப் பார்த்து அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. கையிலிருந்த காகிதத்தை ஆபீஸ் மலையாளத்தில் கடகடவென்று படித்தார். சந்தை என்றுதான் படித்தார், வேட்டுச் சத்தத்தில் யார் காதில் விழுந்தது? "சம்மதமுள்ளவர் கை பொக்கணும்" என்று அவர் தன் கையைத் தூக்கிக் காட்டியதும் ஊரே கையைத் தூக்கியது. பிரசிடெண்ட் இரண்டு கையையும் தூக்கினார். அதிகாரி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஏனுங்கக்கா, பூ எதுக்குங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எம்பட வேலைக்கு" என்றீர்கள்.

கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளில் பிரசிடெண்ட் வந்து கொத்தனாரிடம், "மெஷினு எங்க நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டார். "தக்காளிக்கு எதுக்குங்க மெஷினு?" என்றார் கொத்தனார். பிரசிடெண்ட் நேரே பூசாரி வீட்டுக்குப் போனார். பூசாரி, "எல்லாருக்கும் சேத்துத்தானுங்க கேட்டேன்" என்று பொய் கலக்காமல் சொன்னார். பிரசிடெண்ட் பாவம், அம்மன் கொடுத்த பூவுக்குத் தேங்காய் உடைத்தவர், இனி என்ன சொல்வார்? நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வீட்டுக்குப் போனார். சந்தையில் ஏலத்துக்கு மணி அடிக்க ஆரம்பித்ததும் அந்த மணிக்குச் சாப்பிடப் பழகிக்கொண்டார். சந்தையைக் கொண்டுவந்தது தான்தான் என்று சாகும்வரை சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்று, "ஆமாங்க, ரெண்டு கையையுமில்ல தூக்குனீங்க" என்பீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தக்காளி பிரித்து முடித்துவிட்டு, பொழுது இருக்கும்போதே வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் வந்து என்னிடம் சொன்னீர்கள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் உங்களைப் பார்த்ததும் ஓடிவரவில்லையாம். எழுந்து நின்று, "ஏம்மா, ஒடம்பு செரியில்லையா?" என்று கேட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோய், தக்காளிக் கூடையின் மேல் குனிந்துகொண்டீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் நெடுநாள் அங்கேயே வேலை செய்தேன். என் பிள்ளைகள் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வெயிலோடு நான் வீட்டுக்குள் நுழைந்தால், "என்னம்மா வாங்கியாந்த?" என்றுதான் கேட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள்.