கோட்டைக்கே சமைத்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை. குளிர்தான் தினமும் எலும்பு வரை வந்து குசலம் விசாரிக்கிறது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினேன். உள்ளே இந்த ஊர் எழுத்தாளர் அம்மா ஒருவர், வரலாறு கண்டுகொள்ளாத பெண்களை வைத்துத் தான் எழுதும் நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முற்றுகையில் சிக்கிய கோட்டைக்குள் படைக்கே சமைத்துப் போட்ட ஒருத்தியின் கதை. சரித்திரத்தில் அவளுக்கு ஒரே ஒரு வரிதானாம். ஹீட்டரின் கதகதப்பில் எனக்குக் கண் சொக்கியது. அடுப்புப் புகைக்குள் அவள் மெல்லத் திரும்பினாள். பார்த்தால் உன் முகம். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாய்.

யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கேள்வி நேரமாம். தூக்கக் கலக்கத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்: "அந்தம்மா சாப்பிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தாளர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இவ்ளோ பெரிய புத்தகம் எழுதியிருக்கேன். அவங்களை ஒரு வாய் சாப்பிட வைக்கலையேம்மா" என்றார்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. ஒரு ஆளுக்கு எத்தனை கை அரிசி போடுவது என்றும் எழுது. நான் போட்டால் பழையபடி நாலு பேருக்கு ஆகிவிடுகிறது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பஸ் வருகிறது, இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுப்படியில் நின்றபடி நீ சட்டியை வழித்துச் சாப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? உட்கார்ந்து சாப்பிட்டாயா?

உன் மகள்