மணியடிக்க ஒரு ப்ரோகிராம்

ஜூன் 12, திங்கள்

பதினொன்றாம் வகுப்பில் விருப்பப் பாடமாக எண்ணிமத் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறேன். ஆசைப்பட்டு எடுத்ததாக வீட்டில் சொல்லியாயிற்று. உண்மையில் ஓவிய வகுப்பில் இடமில்லை. தையல் வகுப்புக்கு என் பொறுமை போதாது. அதற்குள் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம், "எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கிறா" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலமே அந்த அத்தை ஓடாத மின்விசிறியோடு வந்து நின்றார்.

ஜூன் 14, புதன்

லேப்பைத் திறந்தார்கள். உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டர்கள் கொஞ்சம்தான். மற்றவை துணி போர்த்தி மரியாதையாகக் கண்மூடியிருக்கின்றன. எனவே ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

பாடம் நடத்த வந்தவர் பி.டி. சார், கழுத்தில் விசிலோடு. கம்ப்யூட்டர் டீச்சர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாராம். "எனக்கும் இது புதுசுதான். நீங்க முன்னாடி ஓடுங்க, நான் பின்னாடியே வந்துடுறேன்" என்றார். நேர்மையான மனிதர். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 19, திங்கள்

என் குழுவில் தளபதி, சுவர், நான்.

தளபதி வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவன். அந்த ஒரு தகுதியிலேயே கீபோர்டுக்கு நேரான நடு நாற்காலி அவனுக்குப் பட்டா போடப்பட்டுவிட்டது. சுவர் என்பது நான் வைத்த பெயர். புதிதாகச் சேர்ந்தவள். பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். அது ஆமாவா இல்லையா என்பது அவளைப் பெற்றவர்களுக்கே வெளிச்சம்.

"அடைப்புக்குறிய மூடாம விட்டுட்ட" என்றேன் தளபதியிடம். "தெரியும் தெரியும்" என்றான். தெரிந்தேதான் விடுகிறான் போலிருக்கிறது. ஏதாவது வேண்டுதலோ என்னவோ.

ஜூலை 5, புதன்

இன்று மவுஸைத் தொட்டேன். தளபதி தும்மிய இடைவெளியில்.

ஜூலை 20, வியாழன்

செய்முறைத் திட்டம் கிடைத்துவிட்டது: பள்ளிக்கூட மணி. இப்போது அலுவலக உதவியாளர் சுவிட்சைத் தட்டினால்தான் அடிக்கும். அவர் டீ குடிக்கப் போனால் கணக்கு வகுப்பு நீண்டுகொண்டே போகும். இனி கம்ப்யூட்டரே நேரம் பார்த்து அடிக்க வேண்டும். பி.டி. சாரின் யோசனை.

தலைமையாசிரியை ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். மணி ஒழுங்காக அடித்தால் அடுத்த வருடமும் இந்தப் பாடம் இருக்கும். இல்லையென்றால் லேப், உடைந்த பெஞ்சுகளை அடுக்கும் அறையாகிவிடும். பெஞ்சுகள் இப்போதே ஆவலாகக் காத்திருப்பதாகக் கேள்வி.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் ப்ரோகிராமைத் தாளில் எழுதினேன், அடித்து அடித்து, நாலு நாளாக. தளபதி அதைப் பார்த்துத் தட்டினான். லேப் ஸ்பீக்கரில் மணி அடித்தது. உடனே எழுந்து நின்று, "சார், என் ப்ரோகிராம் ஓடுது!" என்று கத்தினான்.

என். ரெண்டே எழுத்து. 

அம்மாவிடம் சொன்னேன். "யாரு தட்டுனா என்னடி, வேல முடிஞ்சுதுல்ல?" என்றாள். "நீ சமைச்சதுக்கு, பரிமாறுன சித்திக்குப் பேர் கெடச்சுதே, அப்ப மூணு நாள் யாரோடயும் பேசாம இருந்தியேம்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்குத் திடீரென்று கொடியில் காயும் துணி ஞாபகம் வந்து மாடிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 4, திங்கள்

ஒரு வாரமாகப் பள்ளி முழுவதும் மணி பிசகாமல் அடிக்கிறது. காலைக் கூட்டத்தில் தளபதியை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். கைக்கு என்ன தெரியும், பாவம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

இன்னிக்கு நடந்தத எப்படி எழுத—

பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. ஒருமுறை இல்லை, விட்டு விட்டு ரெண்டு முறை. விடைத்தாளை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். ஒரு பெண் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சின்ன வகுப்புகள் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போய்விட்டன.

தலைமையாசிரியை எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து, "யார் வேலை இது?" என்று கேட்டார். தளபதி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நேரமெல்லாம் அவதான் மேடம் எழுதிக் குடுத்தா. நான் வெறும் டைப்தான் பண்ணேன்."

ஓடினா அவனோடது. விழுந்தா என்னோடது. ஆஹா, என்ன ஒரு பங்கு பிரிப்பு!

இங்க இத்தன பக்கம் கிழிக்கிறேன், அங்க வாயே வரல. ஏன்? லேப்ப மூடப்போறாங்களாம். பாத்ரூம்ல போய் அழுதேன். அங்கயும் குழாயில தண்ணி இல்ல, முகம் கழுவ.

செப்டம்பர் 13, புதன்

பி.டி. சார் எங்களை லேப்புக்கு வரச் சொன்னார். தலைமையாசிரியை வாசலில் நின்றார், கையில் லேப் பூட்டு.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது மேடம்" என்றார் சார். "ஆனா யாரு ஓடுறா, யாரு ஓடுற மாதிரி நடிக்கிறான்னு நல்லாத் தெரியும். ஒவ்வொருத்தரா உக்காந்து, தப்பு எங்கன்னு காட்டட்டும். அப்புறம் பூட்டுங்க."

தளபதி முதலில் உட்கார்ந்தான். திரையை மேலே தள்ளினான். கீழே தள்ளினான். "வைரஸ் சார்" என்றான்.

அடுத்து நான். கோழி தானியம் பொறுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். தளபதி சிரித்தான். சார் அவன் காதருகே ஒரு விசில் ஊதினார். பிறகு சிரிக்கவில்லை.

நான் எழுதாத வரிகள் உள்ளே இருந்தன. சனிக்கிழமை அரைநாள் நேரத்தை யாரோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அதனால் எல்லா நாளும் சனிக்கிழமை. 'யாரோ' தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிசெய்து, சோதனைக்கு அடுத்த நிமிஷத்துக்கு மணி வைத்தேன். அடித்தது. மறுபடியும் அடித்தது! தலைமையாசிரியை பூட்டை மறுகைக்கு மாற்றினார்.

அப்போது சுவர் குனிந்து திரையின் மூலையைக் காட்டினாள். "பழைய ப்ரோகிராம மூடவே இல்ல. அதும் பின்னாடி ஓடிட்டிருக்கு. ரெண்டும் ஒரே நேரப் பட்டியலத்தான் படிக்குது, ரெண்டும் அடிக்குது." மூடினாள். மணி ஒருமுறை அடித்து நின்றது.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"நேத்தே."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"என்ன யாரு கேட்டா? நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ளயே பேசிட்டிருப்பீங்க."

தளபதி மேல் மூன்று மாதமாக நான் வாசித்து வரும் குற்றப்பத்திரிகை வரி பிசகாமல் எனக்கும் பொருந்துகிறது. எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

பத்தாம் வகுப்புக்கு மறுபரீட்சை. மணி கொஞ்ச நாளைக்கு அலுவலக உதவியாளர் கையில். பிறகு எங்களுக்கு ஒரு வாய்ப்பு, கடைசி வாய்ப்பு.

தளபதி வந்தான். "எனக்குப் பாதி புரியவே இல்ல. லேப்டாப் இருக்கு, அதனால எல்லாம் தெரியும்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. நானும் மறுக்கல." பிறகு, "பத்தாம் கிளாஸ் புள்ளைங்ககிட்ட நான்தான்னு சொல்லிட்டேன்" என்றான். நல்ல வசவாக நாலு யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

அக்டோபர் 9, திங்கள்

மணி மறுபடியும் எங்கள் கையில். நடு நாற்காலியில் இப்போது முறை வைத்து உட்காருகிறோம். தளபதி அடைப்புக்குறியை மூடுகிறான். சில சமயம் இரண்டு முறை.

நவம்பர் 24, வெள்ளி

அடுத்த வருடப் பாடங்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். எங்கள் பாடமும் இருக்கிறது. பெஞ்சுகளுக்கு என் அனுதாபங்கள்.

பக்கத்துத் தெருத் தொடக்கப்பள்ளியும் மணி கேட்டிருந்தது. தளபதிக்குக் காய்ச்சல், நானும் அவளும்தான் போனோம். போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மழை விடுமுறைக்கு மணியை எப்படி நிறுத்துவது என்று அவள் ஆரம்பித்தாள். தெருமுனை தாண்டியும் முடியவில்லை. ஒரு இடத்தில் எனக்கு வேறு யோசனை தோன்றி வாயைத் திறந்தேன்.

"இரு, நான் இன்னும் முடிக்கல" என்றாள்.

இருந்தேன்.