டைகருக்குத்தான் கேட்கிறேன்

11-2-1987
புதன், இரவு

மதிப்பிற்குரிய கால்நடை டாக்டர் சேதுராமன் ஐயா அவர்களுக்கு,

பூமயில் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே யாரும் நலமாக இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மிளகாய் வத்தல் ஏற்றிய வண்டியில் ஒரு செவலை நாயை இராமநாதபுரத்துக்கு உங்களிடம் கொண்டுவந்தோமே, நினைவிருக்கிறதா? பெயர் டைகர் என்றதும், "பொட்டை நாய்க்கா டைகர்?" என்று சிரித்தீர்கள். குட்டியில் சரியாகப் பார்க்காமல் என் அய்யா வைத்த பெயர் அது. அய்யாவுக்குப் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன்.

டைகரின் கர்ப்பப்பையில் சீழ் வைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுக்காவிட்டால் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும், அறுநூறு ரூபாய் ஆகும் என்றீர்கள். அதைக் கேட்டபிறகு அய்யா உங்கள் எதிரில் வாயைத் திறக்கவில்லை. வண்டியில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு மூடை வத்தலைப் போட்டாத்தேன் ஒரு நாய் பொழைக்குமாக்கும்! அந்த ஆளும் மருந்துக்கடைக்காரனும் கூட்டு. மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

வீட்டில் சோலையம்மாள் அத்தை வந்திருந்தார். அவர் அய்யாவின் அக்கா. "அந்த டாக்டருக்கு மனுசரு யாரும் சிக்கலையாம், நாய்கிட்ட வந்துட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், "வாயில்லாச் சீவன், பாக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். உடனே அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொண்டாட்டிக்கே பாக்காத வைத்தியத்த நாய்க்குப் பாக்கச் சொல்றியா?"

கத்திக்கொண்டே நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டை அடுப்பில் போட்டுவிட்டார். அது எரிந்து முடிகிற வரைக்கும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா, உண்மையைச் சொல்லுங்கள். நிஜமாகவே அறுநூறு ஆகுமா? மாத்திரையில் தீராதா? வத்தல் காயும் களத்தில் காவலுக்குப் படுத்திருக்கிறோம். அய்யா தூங்கிவிட்டார். நான் எழுதுவது தெரிந்தால் என் கையை ஒடித்துவிடுவார். வீட்டுக்குப் பதில் போட்டுவிடாதீர்கள். என் சிநேகிதி உம்மு ஹபீபாவின் வாப்பா துபாயில் இருக்கிறார். தேவிபட்டினத்தில் அவர்கள் வீட்டுக்கு எப்போதும் தபால் வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

பயத்துடன்,
கு. பூமயில்


இராமநாதபுரம்
14-2-1987

அன்புள்ள குழந்தை பூமயிலுக்கு ஆசீர்வாதம்.

மாடு, ஆடு, நாய் என்று எத்தனையோ வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். "உண்மையைச் சொல்லுங்கள்" என்று இதுவரை யாரும் என்னை எழுதிக் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுவதோடு சரி.

சொல்கிறேன். அறுநூறில் நூறு ரூபாய், எப்படியும் பேரம் பேசுவார்கள் என்று நான் ஏற்றிச் சொன்னது. உன் அய்யா பேரமே பேசாமல் போய்விட்டார். அது என் தப்பு. மீதியில் மயக்க மருந்து, தையல் நூல், குளுக்கோஸ், ஊசி, கூட நிற்கிறவர் கூலி எல்லாம் அடங்கும். என் கூலியை விட்டுவிட்டால் முன்னூறில் முடிக்கலாம். மருந்துக்கடைக்காரரோடு எனக்குக் கூட்டு இல்லை. அவரைக் கண்டால் நான் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன், அவ்வளவு பாக்கி.

ஆனால் நோய் விஷயத்தில் ஏற்றிச் சொல்லவில்லை. இந்த உறையில் பத்து மாத்திரை வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சோற்றில் பிசைந்து கொடு. இது நாளைத் தள்ளிப்போடுமே தவிர நோயைத் தீர்க்காது. டைகர் தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்து எழுது. அய்யாவிடம் பக்குவமாகப் பேசு.

அன்புடன்,
சேதுராமன்


17-2-1987
செவ்வாய், இரவு

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு,

மாத்திரை வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றி. டைகர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. வயிறு வீங்கியிருக்கிறது. வாந்தி இல்லை.

அய்யாவிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்தேன். "முன்னூறுக்கு எறங்கிட்டானா? இன்னும் ரெண்டு வாரம் போனா அவனே நமக்குக் காசு குடுப்பான்" என்கிறார். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. ஊரில் யாரோ சொன்னதாகச் சொன்னேன்.

ஐயா, இன்னும் சில சந்தேகங்கள். சீழ் இல்லாமல் இரத்தமாகப் போனாலும் இதே நோய்தானா? தீபாவளியிலிருந்து நின்று நின்று போய்க்கொண்டே இருந்தால்? கெட்ட வாடை அடித்தால்? இடுப்பு வலித்து, குனிந்தால் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தால்? நாற்பது கிலோ எடைக்கு இந்த மாத்திரை ஒன்று போதுமா, இரண்டு கொடுக்க வேண்டுமா? துணியை விடிவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் கண்மாயில் அலச வேண்டியிருக்கிறது. அது எப்போது நிற்கும்?

டைகருக்குத்தான் கேட்கிறேன். தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

கு. பூமயில்


இராமநாதபுரம்
19-2-1987

குழந்தை பூமயிலுக்கு,

டைகரை நானே தூக்கி எடை பார்த்தேன். பதினாறு கிலோ. தீபாவளிக்கு அது வெடிச் சத்தத்துக்குப் பயந்து பத்தாயத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம், மற்றபடி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாம். உன் அய்யா சொன்னார். நாய்க்கு யாரும் துணி அலசுவதில்லை, அம்மா.

யார் அது? என்னிடம் சொல்.

அந்த மாத்திரையை அவருக்குக் கொடுத்திருந்தால் இந்த நிமிடமே நிறுத்திவிடு. நான் நாய்க்கு அளவு பார்த்துக் கொடுத்தது அது. நான் மிருகங்களுக்கு டாக்டர். மனிதர் உடம்பைப் பற்றி எனக்குப் பாதி தெரியும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நீ எழுதியிருப்பது மாத்திரையில் போகிற காரியம் இல்லை. பெண் டாக்டர் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதி இருக்கிறது. சீட்டுக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

நாள் கடத்தாதே.

சேதுராமன்


21-2-1987
சனி, இரவு

டாக்டர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹபீபா வீட்டுக் கொல்லையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹபீபா, "என்னடி, மவுத்துச் செய்தியா?" என்று, யாரோ இறந்துவிட்டதாக நினைத்துப் பயந்துவிட்டாள்.

அம்மாதான் ஐயா. பெயர் இராமலட்சுமி. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும் அம்மா சொல்லவில்லை. கண்மாய்க்குப் பின்னாலேயே போய் ஒருநாள் பார்த்துவிட்டேன். "உன் அய்யாகிட்ட மூச்சு விட்டே, நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆம்பளைகளிடம் சொல்கிற காரியமா இது என்கிறார். வத்தல் போட்டு முடியட்டும், வெயில் தணிந்தால் தானாக நிற்கும் என்கிறார்.

அய்யா அன்றைக்குக் கோபத்தில் சொன்னாரே, பொண்டாட்டிக்கே பார்க்காத வைத்தியம் என்று. அவர் தெரியாமல்தான் சொன்னார். அம்மா அதைக் கேட்டதிலிருந்து முழுசாகவே வாயை மூடிக்கொண்டார். நேற்று அம்மியில் அரைக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "நாய்க்கு முன்னூறு கேட்டாக, எனக்கு எம்புட்டுக் கேப்பாகளோ."

இன்னும் ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய மாத்திரையை டைகருக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதியாகக் கொடுத்தேன். அம்மாவிடம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சத்து மாத்திரை என்று சொன்னேன். உங்கள் கடிதம் வந்ததும் நிறுத்திவிட்டேன். டைகருக்கு முழுசாகப் போகாததால் அது செத்துவிட்டால் நான்தானே கொன்றவள்?

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அய்யாவிடம் நீங்கள் சொல்ல முடியுமா? சொன்னாலும் அதற்கும் உங்களுக்குக் கமிஷன் என்பார். யார் சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

தபாலில் போட்டால் நாளாகும். ஹபீபாவின் மாமா மதார் காலையில் மீன் கூடையோடு இராமநாதபுரம் வருவார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பூமயில்


இராமநாதபுரம்
23-2-1987

குழந்தைக்கு,

முதலில் மாத்திரை விஷயம். முழுதாகக் கொடுத்திருந்தாலும் மாத்திரையில் டைகர் பிழைக்காது. அதற்கு வேண்டியது கத்தி. இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. உன்னிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி மாற்றிச் சொல்ல வராது.

மதாரிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் உன் அய்யாவிடம் வந்து, டாக்டர் இந்த வெள்ளிக்கிழமை டைகருக்கு இலவசமாக ஆபரேஷன் செய்கிறாராம், ஆனால் நாய்க்குப் பழகின பொம்பளை ஆள் ஒருத்தர் கூட வந்து பிடித்துக்கொள்ள வேண்டுமாம் என்று சொல்வார். அம்மாவை வரவழை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் என் மனைவிக்குச் சிநேகிதி. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருப்பார். நாயை நான் பார்க்கிறேன், அம்மாவை அவர் பார்ப்பார். உன் அம்மாவை ஏமாற்றித்தான் வரவழைக்கிறோம். வேறு வழி தெரியவில்லை.

சேதுராமன்


27-2-1987
வெள்ளி, இரவு

டாக்டர் ஐயாவுக்கு,

இன்று நீங்களும் டாக்டரம்மாவும் காத்திருந்திருப்பீர்கள். எங்களால் வர முடியாமல் போய்விட்டது.

மதார் மாமா வந்து சொன்னதும் அய்யா, "ஓசின்னா கொண்டு போங்க, யாரு வேணாங்கிறா" என்றார். அம்மாவும் டைகருக்காக வருகிறேன் என்று புடவையை மடித்து வைத்துக்கொண்டார். எனக்கு அன்று சோறு இறங்கியது. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது டைகர் களத்து ஓரத்தில் விறைத்துக் கிடந்தது. வாயில் எறும்பு. அய்யா கருவேல மரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா மடித்த புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "சரி, போற வேல மிச்சம்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் பையிலிருந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். "அய்யா, இதப் படிங்க" என்று நீட்டினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது இது? எவன் எழுதுனது?"

"படிங்கய்யா."

அய்யா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் குழி மேட்டில் உட்கார்ந்தார். நூறு ரூபாய் ஏற்றிச் சொன்ன இடம் வந்ததும் தொடையில் தட்டினார். "பாத்தியா! நான் அன்னைக்கே சொன்னேன்ல!" அடுத்த கடிதத்தை எடுத்தார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்க அம்மாவுக்குப் பாக்குறதுக்கு இந்த ஆளு எம்புட்டுக் கேட்டாரு?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலய்யா."

தீபாவளியிலிருந்து அம்மா படுகிற பாட்டைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே டைகர் மேல் மண்ணைத் தள்ளி மூடினார். வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் நின்று, "இராமலட்சுமி, தீவாளியிலேருந்தா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். எழுந்து வந்து, கையில் இருந்த அகப்பையாலேயே அடித்தார். சத்தியம் பண்ணினியேடி, பண்ணினியேடி என்று அடித்தார். அய்யா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. காலையில மொத பஸ்ஸு."

"வத்தல் அள்ளணும்."

"கெடக்கட்டும்."

"எம்புட்டு ஆகும்னு தெரியுமா? கேட்டுட்டு, அங்கயும் எந்திரிச்சு வந்துருவிய." அம்மா சண்டை போடுகிற மாதிரிச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

இன்று விடிந்ததும் இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொன்னேன். அய்யாவுக்கு உங்கள் முகத்தில் விழிக்க வெட்கம். அம்மா கிளம்பும்போது என்னோடு பேசவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது, இன்னும் வரவில்லை. அத்தை காவலுக்கு வந்து படுத்திருக்கிறார். அவர் தூங்கியபிறகு எழுதுகிறேன். விடிந்ததும் மதார் மாமாவிடம் கொடுத்துவிடுவேன்.

ஐயா, அய்யாவுக்கு ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. வெளியில் எங்காவது துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரைக்குப் போ, அதற்கு இவ்வளவு ஆகும் என்று யாராவது சொன்னால் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். டைகர் தாங்காது என்றீர்கள், தாங்கவில்லை. நீங்கள் சொன்னால் இப்போது நம்புவார்.

அம்மா தாங்குவாரா என்று இதுவரை நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இதற்குப் பதில் எழுத உட்கார வேண்டாம் ஐயா. படித்ததும் எழுந்து போய்விடுங்கள்.

பூமயில்