சந்தனம் வைத்த லென்ஸ்

சரஸ்வதி பூஜை, இரவு. ஸ்ரீரங்கம்.

எரிச்சலாக வருகிறது. திருவானைக்காவல் கடைக்காரர் விளம்பரப் படம் எடுக்கக் கொடுத்த வீணை அது. விடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அதை விலைக்கு வாங்கியவர் எடுத்துப் போக வருகிறார். வீணையின் குடத்தில் லைட் பளீரென்று அடிக்காமலிருக்க, வேட்டியைக் குறுக்கே கட்டி மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினேன். பேட்டரி வாங்கி வருவதற்குள் அம்மா வீணையோடு கேமராவையும் பூஜையில் வைத்துவிட்டாள். லென்ஸ் கண்ணாடியிலேயே சந்தனம்!

“காலையில மறுபூஜை பண்ணாம தொடக் கூடாதுடா.”

“படம் தரலன்னா வேலை போயிடும்மா!”

“வேலை குடுக்கறதே அவதாண்டா.”

கத்தினேன். அம்மா அசையவில்லை. பூஜையறையைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம். குத்துவிளக்கு பக்கவாட்டில் எரிகிறது. குடம் கண்ணைக் கூசச் செய்யவில்லை, தந்தி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. நான் தேடிய வெளிச்சம் அதுதான். அதற்கு நடுவில், பொட்டு வைத்துக்கொண்டு, என் கேமரா.